கப்பல் கிளம்பும் நாளில் துவைத்தவள்

பெரில் ஸ்டாதர்ஸ் அடி வாங்கியதைப் பார்த்து நாடே சிரித்தது. இதில் பெரிலுக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிரிக்கும்படி எழுதியவள் அவள்தான்.

இங்கிலாந்தில், ஹல் துறைமுகத்தில் ஹெஸ்ஸில் ரோட்டை ஒட்டிய சந்துகளில் ஒன்றில் அவள் வீடு. பகலில் மீன் அறுக்கும் கூடத்தில் வேலை. ஒரு காட் மீனை எடுத்து, செதிலும் முள்ளும் தனி, சதை தனி என்று பிரித்துப் போட அவளுக்கு மூச்சு விடும் நேரம் போதும். வலது கை அப்படிப்பட்ட கை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே கையால் லண்டனில் இருக்கும் தம்பி மெல்வினுக்குக் கடிதம் எழுதுவாள். அம்மா இல்லாத வீட்டில் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். மூக்கில் ரத்தம் வந்தால்கூட, யார் மூக்கென்றாலும் சரி, மயங்கி விழுகிற ரகம். அவனிடம் போய் "உன் மாமா லென் என் பல்லை உடைத்துவிட்டார்" என்று எழுத முடியுமா? அதனால் இப்படி எழுதினாள்: "போன வாரம் என் முன்பல் ஒன்று வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டது. லென்னின் கைமுட்டியோடு ரொம்ப நாளாகப் பழக்கமாம். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்."

மெல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தவன் சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கு வேலையே டிவிக்கு நகைச்சுவை எழுதுவது. பெரிலின் கடிதங்களைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு ஒரு தொடரே எழுதிவிட்டான். 'மூன்று நாள் புருஷன்'. புதன்கிழமை தோறும் மாலை ஏழரைக்கு. ஸ்டான் என்றொரு மீன்பிடிக் கப்பல்காரன், டாட்டி என்றொரு பெண்டாட்டி. மூன்று வாரம் கடல், மூன்று நாள் வீடு. அந்த மூன்று நாளும் வீடு ரெண்டுபடும். டாட்டி வாணலியால் ஸ்டான் மண்டையில் ஒரு போடு போடுவாள். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேர் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். வாணலி யார் வீட்டில் யார் மண்டையில் இறங்கியது என்பது அந்த இருநூறு பேருக்கு எப்படித் தெரியும்?

வேடிக்கை என்னவென்றால், லென்னுக்கு அந்தத் தொடர் உயிர். "ஸ்டான் யாரு தெரியுமில்ல? நான்தான்," என்று பப்பில் மார்தட்டிக்கொள்வான். ஊரும் அவனை ஸ்டான் என்றே கூப்பிட்டு, ஓசியில் பீர் வாங்கிக் கொடுத்தது. டிவியில் வந்ததெல்லாம் அவன் வீட்டில் நடந்ததுதான் என்று அவனுக்கும் தெரியும், அவன் அம்மா ஐவிக்கும் தெரியும், சந்துக்கே தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

லென்னின் மூன்று நாள் எப்படி என்றால், முதல் நாள் அவன் மாப்பிள்ளை. வான்நீலத்தில் கோட்டும் கால்சட்டையும் தைத்துப் போட்டுக்கொண்டு, கூப்பிடு தூரத்துக் கடைக்கும் டாக்ஸியில் போவான். பெரிலுக்கு சாக்லெட் டப்பா, நைலான் காலுறை. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், நடனக் கூடத்தில், மீன் நாற்றம் தெரியாமலிருக்கப் போட்டிருந்த அவள் கையுறையை மெல்லக் கழற்றி, உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, "எங்க வீட்டு வாசனை" என்று சொன்னானே, அந்த லென் அந்த ஒரு நாளைக்குத் திரும்பி வருவான். பெரிலும் மானங்கெட்டுப்போய் ஒவ்வொரு முறையும் உருகுவாள். அதுதான் கொடுமை. இரண்டாம் நாள் குடி. மூன்றாம் நாள் கை. நான்காம் நாள் விடிவதற்குள் கப்பல்.

ஜனவரியில் நடந்தது இதுதான். புதன்கிழமை மத்தியானம் லென் குடித்துவிட்டு வந்து, அடுப்படியில் நின்று, கப்பல் கேப்டன் தன்னை எல்லோர் முன்னிலும் திட்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தான். பெரிலுக்கு எந்த இடத்தில் சிரிப்பு வந்ததோ தெரியவில்லை, சிரித்துவிட்டாள். அவன் அவள் வலது கையைப் பிடித்து, கரண்டி வைக்கும் இழுப்பறைக்குள் விட்டு, முழங்காலால் ஒரே இடி இடித்து மூடினான். மூன்று விரல்கள். திறந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை மூடினான்.

மறுநாள் விடியும் முன்னே அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கூட்டிப்போக அவன் தம்பி ரோனி வந்திருந்தான். இருபத்திரண்டு வயசு, அதே கப்பலில் வேலை. லென் மேல்தட்டு மேஸ்திரி, ரோனி அவன் கையின் கீழ் வேலை பார்ப்பவன். லென் டாக்ஸிக்குப் போனதும் ரோனி பெரிலின் கையைப் பார்த்தான். வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அதைச் சுற்றிக் கட்டினான்.

"அண்ணி, இதக் கேக்காம விடமாட்டேன். கப்பல்ல வச்சுப் பேசறேன்."

"வேணாம்ப்பா. நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இரு."

"வந்து சொல்றேன் போங்க," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கதவு மூடியதும் பெரில் அண்டாவில் தண்ணீர் வைத்தாள்.

ஹெஸ்ஸில் ரோட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் செய்யாத காரியம் அது. புருஷன் கடலுக்குப் போகிற அன்று அவன் துணியைத் துவைத்தால், அலை அவனைக் கப்பலிலிருந்து துவைத்துக்கொண்டு போய்விடும். வாசலில் நின்று கையசைத்தாலும் அலை கையசைத்து அழைத்துக்கொள்ளும். எங்கள் சந்தில் கிறிஸ்துவை நம்பாதவர்கள் உண்டு. இதை நம்பாதவர்கள் கிடையாது. பெரில் இடது கையால் லென்னின் சட்டை, பனியன், காலுறை, வான்நீலக் கால்சட்டை எல்லாவற்றையும் அண்டாவில் போட்டு, கட்டையால் அழுத்தி, முக்கி, பிழிந்தாள். ஒரு கையால் பிழிவது லேசில்லை. பல்லால் கடித்துப் பிழிந்தாள். கொல்லையில் போட்டால் சந்துக்குத் தெரிந்துவிடும் என்று, திரைச்சீலையை இழுத்துவிட்டு அடுப்படியிலேயே உலர்த்தினாள். பிறகு மாடி ஜன்னலுக்குப் போய், துறைமுகம் இருக்கும் பக்கமாகப் பார்த்து, நன்றாகக் கையசைத்தாள்.

அன்று மெல்வினுக்கு இடது கையால் கோணல் மாணலாக எழுதினாள்: "இன்று லென்னின் துணியெல்லாம் துவைத்துவிட்டேன். கடலம்மா என்ன செய்கிறாள் பார்ப்போம். கை சுளுக்கு, அதனால் எழுத்து இப்படி."

பதின்மூன்றாம் நாள் கடலோடிகள் சங்கத்துப் பாதிரியார் சந்துக்குள் நடந்து வந்தார். அவர் நடந்து வந்தால் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள்; எந்தக் கதவு என்று பார்ப்பார்கள். பெரிலும் நின்றாள். தன் கதவுக்குத்தான் வருகிறார் என்று நினைத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்திலா ஆசையிலா என்று அவளுக்கே தெரியவில்லை. பாதிரியார் அவளைத் தாண்டிப் போய், நாலு வீடு தள்ளி, மாமியார் ஐவியின் கதவைத் தட்டினார். ஐஸ்லாந்துக்கு வடக்கே, கப்பல் மேலெல்லாம் பனிக்கட்டி பிடித்து, கோடாலியால் வெட்டிக்கொண்டிருந்தபோது, கட்டியிருந்த கயிறு அறுந்து ரோனி கடலில் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை.

லென்னுக்குத் துவைத்தாள், ரோனி போனான். பெரிலுக்கு இதற்குமேல் யாரும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. அவன் கழுத்துத் துணி அப்போதும் அவள் கையில் கட்டியிருந்தது.

கொண்டவன் எப்போதோ போய்ச்சேர்ந்துவிட, ஐவிக்கு மிச்சமிருந்த ஒட்டுதல் அந்தக் கடைக்குட்டிதான். இரண்டு மாசம் அவள் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் ஒரு புதன்கிழமை, அவள் வீட்டில் டிவி இல்லாததால், பெரில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து 'மூன்று நாள் புருஷன்' பார்த்தாள். ஓர் இடத்தில் சிரித்தாள். பெரில் அடுப்படிக்குப் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு புதனும் கிழவி வந்துவிடுவாள். வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். பெரில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, காலுக்கு மணை எடுத்துப் போட்டு, உள்ளுக்குள் ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பாள்: இவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. லென்னுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவான், அது வேறு விஷயம். இவளுக்குத் தெரியக் கூடாது.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை காலை மெல்வினிடமிருந்து கடிதம் வந்தது. லென் வீட்டில் இருந்த மூன்றாம் நாள் அது. "இன்றைக்குப் பார்க்கத் தவறாதே அக்கா. நீ எழுதினாயே, கப்பல் கிளம்பும் நாளில் துணி துவைத்தது, அதுதான் கதை. பிரமாதமாக வந்திருக்கிறது. ஸ்டூடியோவில் ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்தே விழுந்துவிட்டாள்."

பெரில் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் சந்து முனை டெலிபோன் பெட்டிக்கு ஓடினாள்.

"மெல், அத நிறுத்துடா."

"என்னக்கா ஆச்சு? எத நிறுத்தறது?"

"துணி துவைக்கிறது. இன்னிக்கு வருதே. அத நிறுத்து."

"அது எப்படிக்கா முடியும்? பதிவு பண்ணி ரெண்டு வாரமாச்சு. பேப்பர்லகூட போட்டாச்சு."

"எனக்குத் தெரியாது. உன் ஆபீசுக்குத் தீ வை. நிறுத்து."

"யக்கா, அதுல யாரும் சாகல. ஸ்டான் நனைஞ்ச காலுறையோட திரும்பி வர்றான், டாட்டி மயக்கம் போடறா. அவ்ளோதான். வெறும் துணிதானே."

"வெறும் துணியா? நீ எந்த ஊர்ல பொறந்தடா?"

லண்டனில் பத்து வருஷம் இருந்தால் மனுஷன் தான் பிறந்த சந்தை மறந்துவிடுவானா என்றால், மறந்துவிடுவான். சிரிக்கிறவர்கள் கூட இருந்தால் எதுவும் மறக்கும். "ரோனி..." என்று அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பெரில் வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அன்று அவள் செய்த வேலைகளை மெல்வின் பார்த்திருந்தால் இன்னொரு கதை எழுதியிருப்பான். முதலில் லென்னைச் சினிமாவுக்குக் கூப்பிட்டாள். "புதன்கிழமை சினிமாவா? பப்புல எனக்காக கலர் டிவி வச்சிருக்கானுங்க. ஸ்டான் இல்லாம ஸ்டானப் பாக்கறதா?" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அடுத்து ஐவி வீட்டுக்குப் போய், தனக்கு மண்டையிடி, இன்றைக்கு வர வேண்டாம் என்றாள். "அப்ப நான் வந்து தைலம் தேச்சு விடறேன்," என்றாள் ஐவி. அதுவும் போயிற்று. கடைசியாக டிவி. வாடகை டிவி அது. பின்னால் இருக்கும் பெட்டியில் பத்துப் பென்ஸ் போட்டால்தான் படம் ஓடும். வீட்டில் இருந்த பத்துப் பென்ஸ் காசையெல்லாம் பொறுக்கி ஒரு பூட்ஸுக்குள் போட்டு ஒளித்துவைத்தாள்.

ஏழேகாலுக்கு ஐவி வந்தாள். ஸ்வெட்டர் பின்னும் ஊசியும் நூலும் மடியில்.

"அத்தை, டிவிக்குப் போடக் காசில்ல. இன்னிக்கு விட்டுரலாமா?"

"உன்கிட்ட இல்லாட்டி என்ன, என்கிட்ட இருக்கு," என்று சொல்லி ஐவி பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்து, குனிந்து, தானே போட்டாள்.

பெரில் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வது? மேசை மேல், தீட்டுவதற்காகக் கூடத்திலிருந்து கொண்டுவந்த மீன் கத்தி கிடந்தது. கணப்பில் கரி எரிந்துகொண்டிருந்தது. டிவியில் பாட்டு வந்தது, டாட்டி வந்தாள். அண்டா முன்னால் நின்றாள். ஸ்டானின் உள்ளாடையைக் கட்டை நுனியால் தூக்கிக் காட்டினாள். இருநூறு பேரும் சிரித்தார்கள். "கடலம்மா, எடுத்துக்க," என்று டாட்டி அதை அண்டாவுக்குள் போட்டாள். கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரிப்பு.

ஐவியின் ஊசி நின்றுவிட்டது.

"இது யாரு செஞ்சது?"

"அது சும்மா கதை அத்தை."

"இதுல வர்றது ஒண்ணுகூட கதை இல்ல. அந்தப் பல்லு உன் பல்லு. அந்த மாடிப்படி உன் மாடிப்படி. என்னைப் பாத்துச் சொல்லு. நீ துவைச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். மூன்று மாசமாக அதற்குத்தான் பயிற்சி செய்திருந்தாள். ஆனால் கிழவியின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"துவைச்சேன்."

"எப்ப?"

"ஜனவரில."

ஐவி எழுந்தாள். அவசரப்படவில்லை. நூலை மடித்து நாற்காலியில் வைத்தாள். கணப்புப் பக்கம் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்து, பெரிலின் வலது தோளில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் பெரிலுக்கே கேட்டது. அடுத்த அடி விலாவில். அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மூன்று மாசமாகக் காத்திருந்த அடி இது. வாங்கிக்கொள்ளட்டும் என்று குனிந்தே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் அடி முதுகில். ஐவி அழவில்லை, திட்டவில்லை. கரி உடைக்கிற மாதிரி, ஒரு வேலை மாதிரி அடித்தாள்.

அப்போதுதான் வாசற்கதவு சுவரில் மோதித் திறந்தது. லென். பப்பிலிருந்து நேரே ஓடி வந்திருந்தான், பாதிக் கதையிலேயே. அங்கே அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் டாட்டி அண்டா முன்னால் நின்றதுமே சிரிப்பை நிறுத்திவிட்டார்களாம். நாற்பது பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்களாம். இங்கிலாந்து முழுக்கச் சிரித்த அந்த நிமிஷத்தில் ஹெஸ்ஸில் ரோட்டில் மட்டும் ஒரு ஜீவன் சிரிக்கவில்லை.

அவன் பெரிலின் முடியைப் பிடித்து நாற்காலியிலிருந்து தூக்கினான். முகத்தைக் கணப்பு விளிம்பில் மோதினான், ஒரு முறை, இன்னொரு முறை. புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. பின் மேசை மேல் மல்லாக்கத் தள்ளி, கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தான். டிவியில் யாரோ கதவில் மோதிக்கொண்டார்கள், சிரிப்பு. பெரிலின் இடது கை மேசை மேல் துழாவியது. கத்தியின் கைப்பிடி விரலில் பட்டது. எட்டு அங்குலக் கத்தி. எந்த இடத்தில் விட்டால் முள்ளில் இடிக்காமல் உள்ளே போகும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்தாள். அவன் விலாவுக்குக் கீழே கொண்டுபோனாள்.

லென் அழுதுகொண்டிருந்தான். அவள் கழுத்தை நெரித்துக்கொண்டே அழுதான். அழுகைக்கு நடுவே சிரிக்கிற மாதிரியும் இருந்தது.

"நீதானாடி. நீதானா. மூணு மாசமா நான்தான் கொன்னேன்னு நெனச்சு செத்துக்கிட்டிருக்கேன். தூங்கல. சாப்பிடல. நீ துவைச்சிருக்க. உன் துணிதான் அவன இழுத்துருக்கு."

ஐவி கம்பியோடு அவன் பின்னால் நின்றிருந்தாள்.

"என்ன சொன்ன?"

லென் திரும்பினான். கழுத்திலிருந்து ஒரு கை விலகியது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பெரில் பார்த்தாள். இரண்டாம் வகுப்பில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்த பிள்ளை முகம்.

"அம்மா, நான் இல்லம்மா. இவதான். நான் இல்ல."

"நீ என்னடா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலம்மா. பனிக்கட்டி வெட்ட மேல போன்னேன். கயித்தக் கட்டிட்டுப் போறேன்னான். அதுக்கெல்லாம் நேரமில்ல, போடான்னேன். போகமாட்டேன்னான். ரெண்டு அறை விட்டேன். போனான். அவ்ளோதாம்மா."

"கயிறு அறுந்துதுன்னுதானே எல்லார்கிட்டயும் சொன்ன?"

"அது... வேற எப்படிச் சொல்றது?"

"பிள்ளைய எதுக்குடா அடிச்ச?"

லென் பெரிலைக் காட்டினான். "இவ கையப் பத்தி எங்கிட்ட நியாயம் பேச வந்தான், எல்லார் முன்னாடியும். பொம்பளைய அடிக்கிற பயன்னான். நான் அவன் மேஸ்திரி இல்லையாம்மா? அதுக்கப்புறம் அவன எப்படி சும்மா விடறது? ஆனா செத்தது அதனால இல்ல. இவ துவைச்சா. இப்பத்தான தெரிஞ்சுது. நான் இல்ல."

ஐவி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து அவன் முழங்காலில் வீசினாள். லென் விழுந்தான். "அம்மா" என்றான். அவள் இன்னொன்று போட்டாள், தாடையில். அதன்பின் எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. முகத்தை மூடிய கையில், கையை எடுத்தால் முகத்தில். அவன் நாற்காலிக்கு அடியில் புகப் பார்த்தான். ஆறடி ஆள், காலுக்குப் போடும் மணையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தான். ஒரு கால் போய் டிவியில் இடித்தது. இருநூறு பேர் சிரித்தார்கள். ஐவி போட்ட காசு தீர்ந்து, படக்கென்று டிவி இருண்டது.

அப்புறம் மூன்று பேர் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். பெரில் மேசையோரம் கத்தியோடு நின்றாள்.

"அத வைடி கீழ," என்றாள் ஐவி. "ஜெயிலுக்கா போற இவனுக்காக? வை."

பெரில் வைத்தாள்.

"எந்திரி," என்று ஐவி மகனிடம் சொன்னாள். "காலைல கப்பல் இருக்கில்ல. போய் அங்கயே படு."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு போனான். வாசலில் ஒரு முறை திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் தன் வீட்டுக்குப் போனாள்.

பெரில் அன்று படுக்கவில்லை. தோள் எலும்பு முறிந்திருந்தது, படுத்தால் வலித்தது. உட்கார்ந்தபடியே ரோனியை நினைத்தாள். அவன் அவளுக்காகப் பேசப் போனான். துணி இழுத்ததோ இல்லையோ, அவள் கைக்காகப் பேசியதுதான் அவனைக் கயிறில்லாமல் மேலே ஏற்றியது. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஆறவில்லை.

விடிந்து கப்பலின் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். ஐவி. தலையில் துண்டு கட்டியிருந்தாள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தாள். கக்கத்தில் ஒரு மூட்டை. லென் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட சட்டைகள் அவள் வீட்டுப் பரணில் இருந்ததாம்.

"அண்டால தண்ணி வச்சியா?"

பெரில் விளங்காமல் அவளைப் பார்த்தாள்.

"வைடி. இங்க இருக்கற அவன் துணியெல்லாம் எடு. அந்த நீலக் கோட்டையும் எடு."

இரண்டு பேரும் துவைத்தார்கள். பெரிலுக்கு ஒரு கைதான் ஓடியது. ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஐவி முறுக்கினாள். எல்லாம் முடிந்ததும் ஐவி கூடையைத் தூக்கினாள். கொல்லைப் பக்கம் போகவில்லை. வாசற்கதவைத் திறந்து, பெரில் வீட்டு ஆணியிலிருந்து எதிர்வீட்டு ஆணிக்கு, சந்துக்குக் குறுக்கே கயிறு கட்டினாள்.

பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் வந்து நின்றார்கள். லென்னின் கப்பல் இன்னும் ஆற்றைத் தாண்டிக் கடலுக்குப் போயிருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். பெற்றவள் கையாலேயே அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டுவதைப் பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ஒருத்தி உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டாள். பெரிலின் வீங்கிய முகத்தையும் பார்த்தார்கள். இந்த முறை யாரும் "கதவுல இடிச்சுக்கிட்டியா பெரில்?" என்று கேட்கவில்லை.

"இது பலிக்குமா அத்தை?" என்று பெரில் கேட்டாள்.

"தெரியாது. காலரை நேரா மாட்டு, சுருங்கிடும்."

மெல்வின் சனிக்கிழமை ரயிலில் வந்தான். பூங்கொத்தோடு. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே வாந்தி எடுத்தான். பெரில் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள், சிரிப்பு ஒன்றுகூடக் கலக்காமல். பல் எப்படிப் போனது, மாடிப்படியில் எப்படி விழுந்தாள், இழுப்பறை, விரல், ரோனி. அவன் காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தபோது கையை எடுத்துவிட்டாள். "கேளுடா. அடுத்த புதன்கிழமைக்கு இத எழுது," என்றாள். அவன் எழுதவில்லை. டாட்டியும் ஸ்டானும் அந்த வருஷத்தோடு டிவியில் நின்றுபோனார்கள்.

கடல் லென்னை ஒன்றும் செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து முழுசாகத் திரும்பி வந்தான், ஒரு காலை நொண்டிக்கொண்டு. ஆனால் கயிற்றில் தொங்கிய சட்டைகளைப் பற்றிய சேதி கம்பியில்லாத் தந்தியில் கப்பலுக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. போன வழியெல்லாம் கூட இருந்த பத்தொன்பது பேரும் அவன் பக்கத்தில் நிற்கவில்லை, அவன் தட்டில் சாப்பிடவில்லை. அடுத்த பயணத்துக்குப் பெயர் பதியப் போனபோது கேப்டன் தலையாட்டிவிட்டார். வேறு கப்பல், வேறு கேப்டன், அதே தலையாட்டல். பெண்டாட்டி துவைத்தவனை ஒருவேளை ஏற்றியிருப்பார்கள். பெற்ற தாய் துவைத்துப் போட்டவனோடு யார் கடலுக்குப் போவார்கள்?

அவன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். உள்ளே ஐவி இருந்தாள். மூட்டை முடிச்சோடு அங்கேயே வந்துவிட்டிருந்தாள். அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கம்பியை மட்டும் காட்டினாள். சந்தின் பெண்கள் வாசலில் வந்து நின்று அவனைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவன் ஆற்றைத் தாண்டி அக்கரைத் துறைமுகத்துக்குப் போனான். அங்கேயும் யாருக்கோ சேதி தெரிந்திருந்தது. கடைசியில் பனிக்கட்டித் தொழிற்சாலையில் கட்டி உடைக்கிறான் என்று சொன்னார்கள்.

பெரிலின் விரல்கள் கோணலாகத்தான் கூடின. இப்போது இடது கையால் மீன் அறுக்கிறாள், முன்போல வேகமில்லை. புதன்கிழமை மாலை ஐவியும் அவளும் கணப்பு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். டிவியைக் கடைக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ரோனியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அவன் கழுத்துத் துணி ஐவியின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. லென்னின் சட்டைகளைப் பெரில் கயிற்றிலிருந்து இறக்கி, கத்தி துடைப்பதற்குத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டாள். நல்ல பருத்தி, ரத்தத்தை நன்றாக உறிஞ்சுகிறது.